அந்தப் பலகை யாரைப் பார்த்துப் பேசியது?

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சாலைகளில் நின்ற இந்த விளம்பரப் பலகையை மறந்தவர்கள் குறைவு. ஊரே பேசியது என்பதால் அதை வெற்றி என்கிறார்கள். ஒரு பிரதியாக வாசித்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. பலகை நம்மிடம் பேசுகிறது, புள்ளிராஜாவைப் பற்றிப் பேசுகிறது. புள்ளிராஜாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வருமா வராதா என்று ஊர் கூடி வேடிக்கை பார்க்கலாம். வந்துட்டா அவன் எங்கே போவான், மருந்து யார் தருவா? அது பலகையின் கவலை இல்லை.

மருந்து இல்லாமலா இருந்தது? 2001-லேயே இந்தியக் கம்பெனியான சிப்லா, மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை ஆளுக்கு வருஷம் 350 டாலருக்கு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குத் தர முன்வந்தது. இங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் அந்தச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ல்தான், அதுவும் சில இடங்களில் மட்டும். தாம்பரம் சானடோரியம் அதில் ஒன்று.

இந்தப் பேச்சுமுறை 1986-லேயே தொடங்கிவிட்டது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தார்கள். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ரத்தம் யாருடையது? பிடித்துவந்து மயிலாப்பூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளுடையது. நான் படித்த கட்டுரைகளில் அவர்கள் ஆறு ரத்த மாதிரிகள். ஆறு பேர் அல்ல.

சினிமா இதை இன்னும் கெட்டிப்படுத்தியது. 2007-ல் வந்த 'மிருகம்' படத்தில் ஊரை மிரட்டும் முரடனுக்கு எய்ட்ஸ் வருகிறது, உருக்குலைந்து சாகிறான். கிருமிக்கு ஊர்ப் பஞ்சாயத்து வேலை. பேரே மிருகம்! படம் பார்த்துவிட்டு எழுந்து போகிறவனுக்கு நோயாளியைக் கண்டால் அருவருப்பு வராமல் வேறென்ன வரும்?

அப்புறம் 'ஒருவனுக்கு ஒருத்தி'. நோய்த்தடுப்பு வாசகமாக இதைவிடப் பொய்யான வாசகத்தை நான் பார்த்ததில்லை. எங்க சின்னம்மா மகள் ஒருத்தனோடதான் வாழ்ந்தா. அவன் லாரி ஓட்டினான். அவளுக்குத் தெரிஞ்சது வயித்துல புள்ளையோட ரத்தம் எடுத்தப்போ. பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு மேலே சிவப்பு மையில் எழுதி ஒட்டினார்கள். ஆபரேஷனுக்கு அவளை எல்லோருக்கும் கடைசியில் தள்ளினார்கள். தொட்டால் தீட்டு என்பதை நமக்குப் புதுசாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கேளுங்கள். டீக்கடை இரட்டைக் குவளைக்கு எதிரா மறியல் பண்ணி ஜெயிலுக்குப் போனவர் எங்க மாமா. அவர் வீட்டில்தான் அவளுக்குத் தனி லோட்டா, தனித் தட்டு. "உங்க வீட்டுலயும் ரெட்டைக் குவளையா மாமா?"ன்னு அவ கேட்டா. மாமா பதில் சொல்லலை.

சாதிக்கு எதிராக இவ்வளவு எழுதிய நம் பத்திரிகைகளும் இந்த லோட்டாவைப் பற்றி எழுதியது கொஞ்சம்தான். சேரிக்குள்ளே நாம் உண்டாக்கும் சேரியை எழுதக் கை கூசுகிறது.

அவ இப்போ மாத்திரை வாங்க அடுத்த மாவட்டத்துக்குப் போறா. பக்கத்திலேயே மையம் இருக்கு. அங்கே வரிசையில் நின்றால் தெரிந்தவன் கண்ணில் படும். ஒருநாள் கூலியும் பஸ் காசும் போகிறது. மருந்து வேலை செய்கிறது. ரத்தத்தில் கிருமி சோதனைக்கே தட்டுப்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவு மூலம் பிறருக்குப் பரவாது என்று மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. தட்டும் லோட்டாவும் எப்போதுமே பரப்பியதில்லை. இதை எந்தப் பலகை சொன்னது?

2017-ல் சட்டம் போட்டார்கள், 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதை எடுத்து, 'அவர்கள்' என்பதை அடித்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நாமே எழுதி ஒட்டலாம்: 'உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு வைத்தியம் பார்க்க மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. உங்க சம்மதம் இல்லாம இதை வெளியே சொல்லவும் கூடாது. மீறினா குறைதீர்ப்பாளர்கிட்ட நீங்க புகார் தரலாம்.'