கேத்தியின் கண்ணீர்: விதியா, விதிமுறையா?

ஏழையின் பிள்ளை தாயின் மடியிலிருந்து பிரிக்கப்பட்டால், "என்ன செய்வது, தலைவிதி!" என்று பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடுவோர் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களை நிறுத்தி, "விதியல்ல ஐயா, விதிமுறை! ஆண்டவன் எழுதியதல்ல, அலுவலகத்திலே மனிதன் எழுதியது, எனவே மனிதனே மாற்றி எழுதலாம்" என்று எடுத்துக்காட்டிய படைப்பு ஒன்று உண்டு. 1966 நவம்பர் 16ஆம் நாள் பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'கேத்தி கம் ஹோம்' என்னும் நாடகப்படம் அது. 'கேத்தி, வீட்டுக்கு வா' என்பது பொருள். அழைப்பு அன்பானதுதான், வருவதற்கு வீடுதான் இல்லை!

எழுதியவர் ஜெரமி சாண்ட்ஃபோர்ட். இயக்கியவர் கென் லோச். ஒன்றேகால் மணி நேரப் படம். அன்றிரவு அதைக் கண்டோர் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் என்பார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்து அதை ஏன் எடுத்து ஆராய்கிறோம்? அது எழுப்பிய கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை என்பதால்தான்.

கதை எளியது. பிழைப்புத் தேடி இலண்டனுக்கு வரும் இளம்பெண் கேத்தி. லாரி ஓட்டும் ரெஜ் என்பவனைக் காதலித்து மணக்கிறாள். நல்ல வீடு, போதிய சம்பளம், நாளையைப் பற்றிய நம்பிக்கை. ரெஜ் விபத்தில் சிக்குகிறான். வேலை போகிறது, வேலை போனதும் வாடகை நிற்கிறது, வாடகை நின்றதும் வீடு போகிறது. மாமியார் வீட்டு நெரிசலில் சில நாள். அன்புள்ள மூதாட்டி ஒருவரின் வாடகை வீட்டில் சில நாள். அவர் மறைந்ததும் அங்கிருந்தும் வெளியேற்றம். பிறகு சக்கரம் பூட்டிய வண்டிவீடு. அங்கும் ஊரார் வெறுப்பு, நெருப்பு! கடைசியில் உள்ளாட்சி மன்றம் நடத்தும் வீடற்றோர் விடுதி. அங்கே தாய்க்கும் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு; தந்தைக்கு இல்லை. தவணை முடிந்ததும் தாய்க்கும் இல்லை. இரயில் நிலையத்தில் பிள்ளைகளை அணைத்தபடி ஒதுங்கியிருக்கும் அவளிடம் அலுவலர்கள் வருகிறார்கள். அவள் கதறக் கதறப் பிள்ளைகளைப் பறித்துச் செல்கிறார்கள்.

அடித்தாளா? இல்லை. பட்டினி போட்டாளா? இல்லை. வீடில்லை, அதுதான் குற்றம்! பெற்றோருக்கு வீடில்லை என்ற ஒரே காரணத்தால் ஆண்டுதோறும் 4,000 பிள்ளைகள் பிரிக்கப்படுகிறார்கள் என்று படத்தின் முடிவில் எழுத்தில் காட்டினார்கள்.

இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. கென்ட் மாவட்டத்தின் கிங் ஹில் விடுதியில் கணவன்மார் தங்கக் கூடாது என்று விதி இருந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் அங்கே கிளர்ச்சி எழுந்தது. நீதிமன்றத் தடையை மீறி மனைவி மக்களோடு தங்கிய கணவர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சொந்தக் குழந்தையோடு ஓரிரவு உறங்கியதற்குச் சிறை! 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் கணவனை ஒரு கொட்டடியிலும் மனைவியை ஒரு கொட்டடியிலும் பிள்ளைகளை வேறொன்றிலும் அடைத்தது. 'ஆலிவர் டுவிஸ்ட்' நாவலில் டிக்கன்ஸ் சாடியது அந்தச் சட்டத்தைத்தான். 1948இல் அதற்குச் சாவுமணி அடித்துவிட்டோம் என்றது பாராளுமன்றம். ஆவியில் நம்பிக்கை இல்லாத நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: செத்த அந்தச் சட்டத்தின் ஆவி விடுதி வாசலில் காவல் நின்றது!

படத்தின் வலிமை எங்கே இருக்கிறது? அதில் கொடியவன் என்று ஒருவன் இல்லை. மீசை முறுக்கும் மிராசுதாரும் இல்லை, வஞ்சகம் பேசும் வட்டிக்கடைக்காரனும் இல்லை. படிவத்தை நிரப்பும் அலுவலர், பட்டியலைப் பார்க்கும் எழுத்தர், விதியைப் படித்துக் காட்டும் விடுதிப் பொறுப்பாளர். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்கிறார்கள். எல்லோருடைய கடமையும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் கொல்கிறது. நாடகமேடைக் கொடியவனைக் கண்டு பழகிய கண்களுக்கு இது புதுப் பாடம். ஒருவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போக இந்தப் படம் நம்மை விடுவதில்லை.

குறை இல்லையா? உண்டு. படம் கண்ணீரைக் காட்டுகிறது. சட்டப் புத்தகத்தை நாம்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. புரட்டினால் திடுக்கிடுவோம். 1945இல் வளர்ப்பு இல்லமொன்றில் 12 வயதுச் சிறுவன் கொடுமையால் இறந்தான். நாடு கொதித்தது, குழு அமைந்தது, 1948இல் குழந்தைகள் சட்டம் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சி மன்றத்திலும் குழந்தைகளுக்கென்று தனித் துறை, தனி அலுவலர். பராமரிப்புக்கு வந்த பிள்ளையைக் காக்க வழி பிறந்தது. பராமரிப்புக்கு வராமலே காக்க வழி? அதையும் 1963ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. குடும்பத்திலிருந்து பிள்ளையைப் பிரிக்கும் தேவையைக் குறைக்கும் வகையில் அறிவுரையும் வழிகாட்டலும் உதவியும் தருவது மன்றத்தின் கடமை. பொருளாகவும், தனிப்பட்ட நிலைமைகளில் பணமாகவும்கூடத் தரலாம் என்றது அது. கேத்தி திரையில் கதறியது 1966இல்! மூன்றாண்டுகளாகச் சட்டம் ஏட்டிலே இருந்தது. தாய் வீதியிலே இருந்தாள். இடையிலே இருந்தவை பணமின்மையும் மனமின்மையும்.

இன்னொரு குறையும் சொல்வோம். கேத்தி மாசற்றவள். அழகும் அன்பும் நிறைந்தவள். அவளுக்காக அழுவது எளிது. முன்கோபமும் முரட்டு நாக்கும் உள்ள தாய்க்கு, தவறிய தாய்க்கு, உதவி வேண்டாமா? குற்றமற்றவருக்குத்தான் இரக்கம் என்றால், அந்த இரக்கம் நற்சான்றிதழ் கேட்கும் தருமம் ஆகிவிடாதா? இதை லோச்சே உணர்ந்திருக்க வேண்டும். 28 ஆண்டுகள் கழித்து, 1994இல், 'லேடிபேர்ட் லேடிபேர்ட்' என்ற படத்தில் அப்படிப்பட்ட தாயையே நடுவில் நிறுத்தினார். மேகிக்கு நான்கு பிள்ளைகள், நான்கு தந்தையர். அடிபட்டு வளர்ந்தவள், அடிக்கும் ஆணிடம் சிக்கியவள். பிள்ளைகளைப் பூட்டிவைத்துச் சென்ற இரவில் தீப்பற்ற, மகன் காயமடைகிறான். அலுவலர் செய்தது முழுத் தவறு என்று சொல்ல முடியாமல் நாம் தவிக்கிறோம். கேத்தியிடம் இல்லாத இந்தத் தவிப்பே கலையின் வளர்ச்சி.

ஏனெனில் மறுபக்கமும் உண்மை. 1973இல் பிரைட்டன் நகரில் 7 வயதுச் சிறுமியொருத்தி மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டாள். வளர்ப்பு வீட்டில் நலமாக இருந்தவளைப் பெற்ற தாயிடம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெற்றால் போதும், பிள்ளை பாதுகாப்பு என்பது மூடநம்பிக்கை. பிரித்தால் போதும், பிள்ளை பிழைத்துவிடும் என்பதும் மூடநம்பிக்கைதான். வாசலிலே வந்து நின்று பிரிப்பதா, விடுவதா என்று கேட்பதற்கு முன்னால், பல மாதம் முன்னதாகவே அந்த வீட்டுக்குள் உதவி நுழைந்ததா என்று கேட்பதே பகுத்தறிவு. ஆசிரியப் பணியிலிருக்கும் நாம் இதை நன்கறிவோம். வகுப்பிலே உறங்கிவிழும் பிள்ளையைப் பிரம்பால் எழுப்புவது நொடி வேலை. இரவெல்லாம் அது ஏன் உறங்கவில்லை என்று வீடு சென்று கேட்பதுதான் வேலை.

சட்டம் வளரவில்லையா? வளர்ந்தது. வீடற்றோருக்கான சட்டம் 1977இல் வந்தது. படம் வந்து 11 ஆண்டுகள் கழித்து! 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு, இங்கிலாந்திலும் வேல்சிலும் உதவி தேவைப்படும் பிள்ளைகளின் நலனைக் காக்கவும், கூடியவரை அவர்கள் தம் குடும்பத்திலேயே வளரத் துணை செய்யவும் மன்றங்களைப் பணித்தது. அழகான வாசகம்! 2003இல் அந்த வாசகத்தைக் கையிலேந்தி, வீடற்ற ஒரு தாய் பார்னெட் மன்றத்துக்கு எதிராக அன்றைய உச்ச நீதிபீடமாகிய பிரபுக்கள் சபையின் முன் நின்றாள். குழந்தையை ஏற்போம், தாய்க்கு இடம் தரமாட்டோம் என்றது மன்றம். அந்தப் பிரிவு பொதுவான கடமையைத்தான் சொல்கிறது, தனியொரு பிள்ளை அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று மூவர் தீர்த்தனர், இருவர் மறுத்தனர். மூவருக்கு இருவர்! கேத்தியின் இரயில் நிலையம் 37 ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

நல்ல வழி தெரியாமல் நேர்ந்த கேடா இது? தெரிந்தேதான். 1998இல் அறிவித்து மறு ஆண்டு தொடங்கிய 'ஷூர் ஸ்டார்ட்' திட்டம், கைக்குழந்தை உள்ள குடும்பங்களுக்கு மருத்துவம், விளையாட்டு, பெற்றோருக்குத் துணை எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் தந்தது. 2010 அளவில் இங்கிலாந்தில் 3,000க்கு மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. அவற்றின் அருகே வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் 16 வயதுத் தேர்வில் மேம்பட்டனர் என்று நிதி ஆய்வுக் கழகம் 2024இல் கண்டு சொன்னது. அதற்குள் பணத்தை வெட்டி, ஆயிரக்கு மேற்பட்ட நிலையங்களை மூடியிருந்தார்கள்! 2010இல் ஏறத்தாழ 64,000 பிள்ளைகள் உள்ளாட்சிப் பராமரிப்பில் இருந்தனர். 2024 மார்ச்சில் 83,000க்கு மேல். எல்லாவற்றுக்கும் இந்த வெட்டு ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் இல்லத்தில் ஒரு பிள்ளையை ஒரு வாரம் வைத்திருக்க ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுக்கும் கை, அந்தப் பிள்ளையின் வீட்டு வாடகைக்கு நீள மறுப்பது என்ன கணக்கு?

தோழர்களே, 'கேத்தி கம் ஹோம்' படத்தைப் பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள், தவறில்லை. அழுது முடித்த பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உதவி எப்போது வந்தது, பிரிப்பதற்கு முன்பா, பின்பா? யாருக்கு வந்தது, பிள்ளைக்கு மட்டுமா, குடும்பத்துக்கா? எப்படி வந்தது, இரக்கமாகவா, கேட்டுப் பெறும் உரிமையாகவா? ஏழைக் குடும்பத்தைப் பற்றிய கதை எந்த நாட்டில் வந்தாலும், எந்த மொழியில் வந்தாலும், இந்த மூன்றையும் கேட்டுப் பார்ப்போம். விடை சொல்லாமல் விதியின் மேல் பழி போடும் கதையை, எத்தனை கண்ணீர் வரவழைத்தாலும், நல்ல கதை என்று நாம் ஏற்க வேண்டியதில்லை.