அறைக்குள் ஓர் இளவெயில்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைக் கட்டியவர்கள், முகப்பு குறுகி உள்நீண்டு கிடக்கும் அவ்வீடுகளின் நடுவே கூரையைத் திறந்துவிட்டு, முற்றத்தின் வழியே காற்றையும் சூரியப் பிரகாசத்தையும் உள்ளே வரவழைத்த விவேகம் போற்றத்தக்கது. முற்றம் வாய்க்காத அடுக்குமாடி வாசிகள் துளசியும் புதினாவும் வளர்க்க இன்று சிறிய எல்இடி செடிவிளக்கு பேருபகாரம் செய்கிறது.

நீல எல்இடியைக் கண்டளித்த அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிட்டியது. அந்த நீலத்தை அடிப்படையாகக் கொண்டே வெள்ளை எல்இடி பிறந்தது. ஊதா ஒளி வீசும் விளக்கைவிட, முழு நிறமாலை கொண்ட வெள்ளை விளக்கே வீட்டுக்கு உத்தமம். செடி விரும்பும் சிவப்பும் நீலமும் அதில் அடங்கியிருப்பதோடு, இலையின் இயல்பான பசுமையையும், அதன் அடியில் ஒட்டிய பூச்சியையும் நம் கண் உள்ளபடி காண்கிறது.

விளக்கின் ஒளியளவைச் சொல்லும் லூமன் கணக்கு மனிதக் கண்ணுக்கு உரியது; செடிக்கு வேண்டியதோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களின் தொகை. துளசித் தண்டு மெலிந்து நெடுகி விளக்கை நோக்கிச் சாய்ந்தால் ஒளி போதவில்லை என்றும், மேலிலைகள் வெளுத்துக் கருகினால் ஒளி மிகுந்தது என்றும் கொள்ளலாம். ஆகவே, உயர்த்தவும் தாழ்த்தவும் இசையும் கழுத்தும், இரவில் தானே அணையும் நேரக்கருவியும், மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரையும் உள்ள விளக்கையே தேர்ந்தெடுங்கள். எளிய விலையில் கிடைக்கும் மெய்யான சௌபாக்கியம் அது.