கணக்கும் கறுப்பு மையும்

மக்கள் பணத்தை மக்கள் பிரதிநிதி எவ்வாறு செலவிட்டார் என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டா? பாராளுமன்றங்களின் தாய் எனப் போற்றப்படும் பிரித்தானியப் பாராளுமன்றம் இந்த எளிய கேள்விக்கு விடை தராது நான்காண்டுகளுக்கு மேலாக மறுத்து நின்றது. 2009 இல் அங்கு வெடித்த செலவுப்படி விவகாரத்தைப் பேராசைக்காரர் சிலரின் ஒழுக்கக்கேடு என ஒதுக்குவோர் இன்றும் உளர். இது மேலோட்டமான பார்வையாகும்.

தொகுதியிலும் தலைநகரிலும் வாழவேண்டிய உறுப்பினருக்கு இரண்டாவது வீட்டுச் செலவுக்கென ஒரு படி வழங்கப்பட்டு வந்தது. அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 பவுண். வெளிப்படையாகச் சம்பளத்தை உயர்த்தினால் மக்கள் சினங்கொள்வர் என்று அஞ்சிய அரசாங்கங்கள், இப்படியையே மறைமுகமான சம்பளமாக வளரவிட்டன. 2008 வரை 250 பவுணுக்குக் குறைந்த செலவுக்குப் பற்றுச்சீட்டும் கேட்கப்படவில்லை. ஆகவே தவறு தனிமனிதரிடம் தொடங்கவில்லை. மறைவை விரும்பிய அமைப்பிலேயே தொடங்கிற்று.

தகவலறியும் சட்டம் 2005 இல் நடைமுறைக்கு வந்ததும், ஹெதர் புரூக் என்னும் பத்திரிகையாளர் இக்கணக்குகளைக் கோரினார். சபை மறுத்தது. 2007 இல் பாராளுமன்றத்துக்கே அச்சட்டத்திலிருந்து விலக்களிக்கும் மசோதா ஒன்றைப் பொதுச்சபை நிறைவேற்றியது. பிரபுக்கள் சபையில் அதனை முன்மொழிய ஒருவரும் முன்வராமையால் அது மடிந்தது. 2008 மே மாதத்தில் உயர் நீதிமன்றமும் கணக்குகளை வெளியிடவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. சட்டத்தை ஆக்குவோரே சட்டத்துக்கு அப்பால் நிற்க முயன்றமைதான் இவ்வரலாற்றின் மையப்பொருள்.

2009 மே 8 முதல், பணங்கொடுத்துப் பெற்ற கணக்குகளை டெய்லி ரெலிகிராவ் நாள்தோறும் வெளியிட்டது. அடுத்த மாதம் பாராளுமன்றம் தானே வெளியிட்ட பிரதிகளில் முகவரிகள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. அந்த மையின் பொருளை உணர்தல் வேண்டும். இன்று ஒரு வீட்டையும் நாளை மற்றொரு வீட்டையும் 'இரண்டாவது வீடு' எனக் காட்டி, இரண்டையும் பொதுப்பணத்தில் செப்பனிட்ட தந்திரம் முகவரி தெரியாவிடின் ஒருபோதும் வெளிவந்திராது. அரைகுறை வெளிப்படைத்தன்மை மறைப்பின் மற்றொரு வடிவமே.

பத்திரிகைகளின் பங்கையும் விமர்சனமின்றி ஏற்கவியலாது. குளத்தில் மிதக்கும் வாத்துக் கூட்டுக்கு 1,645 பவுண் கோரிய உறுப்பினரைப் பார்த்து நாடே நகைத்தது. ஆனால் அக்கோரிக்கையை அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. பணம் போகாத கூடு நினைவில் நிற்கிறது. பணம் போன வீட்டுக் கடன் வட்டிகள் மறக்கப்பட்டுவிட்டன. நகைப்பு மக்களின் கோபத்தைத் தணிக்குமேயன்றி அமைப்பை மாற்றாது.

விளைவுகள் இல்லாமற் போகவில்லை. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி துறந்தார். 1695 க்குப் பின் இவ்வாறு வெளியேற்றப்பட்ட முதற் சபாநாயகர் அவரே. செலவுகளைக் கண்காணிக்கச் சுயாதீன அதிகாரசபை அமைக்கப்பட்டது. பாராளுமன்றச் சிறப்புரிமை தம்மைக் காக்கும் எனச் சிலர் 1689 ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தைத் துணைக்கழைத்தனர். மன்னனின் அடக்குமுறைக்கெதிராக வென்றெடுத்த உரிமையைப் பொய்க்கணக்கின் கேடயமாக்கும் அம்முயற்சியை 2010 இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. 2011 இல் முன்னாள் உறுப்பினர் நால்வரும் பிரபுக்கள் இருவரும் சிறை சென்றனர். ஏனையோரிற் பலர் பணத்தைத் திருப்பிச் செலுத்தி மன்னிப்புக் கோரியதோடு விடயம் முடிந்தது. உதவிப்பணத்தைப் பொய்கூறிப் பெற்ற ஏழைத் தொழிலாளிக்கு இந்த வாய்ப்பு எளிதிற் கிட்டுமா?

புதிய அதிகாரசபையும் பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை வெளியிட மறுத்து வழக்காடி, 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றில் தோற்றது. ஆதலின், ஒரு முறை வென்ற உரிமை என்றும் நம் கையிலிருக்கும் என எண்ணுதல் பேதைமை.

வெஸ்ட்மின்ஸ்டர் மரபில் பாராளுமன்றம் கண்ட எமக்கும் இவ்வனுபவம் உரியது. இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு. சட்டம் ஏட்டில் இருப்பதாற் பயனில்லை. கேட்கும் மக்களும், கேட்டது கிடைக்கும்வரை சோராது நிற்கும் எழுத்தாளரும் இருந்தாலன்றி அது உயிர் பெறாது.