கடைமுகப்பில் குடும்பம்

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே பொடி வகைகளோ புடவைகளோ நலங்கு மாவோ விற்கத் தொடங்கும் தாய்மார்களுக்கு, பயிற்சி வகுப்புகளிலும் யூடியூப் காணொளிகளிலும் இக்காலத்தில் தாராளமாக வழங்கப்படும் உபதேசம் ஒன்றுண்டு. பண்டத்தைக் காட்டினால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள், உங்களைக் காட்டுங்கள், உங்கள் வீட்டைக் காட்டுங்கள், ஒரு தாயாக நீங்கள் படும் பாட்டைக் காட்டுங்கள், அதையும் நாள் தவறாமல் காட்டுங்கள் என்பதே அதன் சாரம். இந்த உபதேசத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதில் பாதி வாஸ்தவமாக இருப்பதனாலேயே மறுபாதியின் தோஷம் கண்ணுக்குப் படாமல் போகிறது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வியாபாரம் தமிழ்நாட்டில் தழைத்த காலத்தை நினைவுகூர்ந்தால் அதன் நியாயம் விளங்கும். சிறு வியாபாரிகளுக்கென்று தனியான வாட்ஸாப் செயலி 2018-இல் இலவசமாக வந்தது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்துவிட்டது. ஊரடங்கில் குடும்பத்தின் சம்பளம் குறைந்தும் நின்றும் போயிருந்த அந்த மாதங்களில், கடை வாடகையும் முன்பணமும் இல்லாமல், கையிலிருக்கும் செல்போனும் ஜிபே எண்ணும் அடுத்த தெருவின் கூரியர் அலுவலகமும் மட்டுமே மூலதனமாக, எத்தனையோ பெண்கள் வியாபாரத்தில் இறங்கினார்கள். சேலத்துக்கு அருகிலுள்ள இளம்பிள்ளையிலிருந்து மொத்த வியாபாரி ஒருவர் குழுவில் புடவைப் படங்களை அனுப்புகிறார். அவற்றை எடுத்து, தம் லாபமாக ஐம்பதோ நூறோ சேர்த்து, ஒரு தாய் தம் ஸ்டேட்டஸில் போடுகிறார். ஆர்டர் வந்த பிறகே பணம் கட்டுகிறார். பார்சலோ மொத்த வியாபாரியிடமிருந்து நேராக வாங்குபவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு புடவையைக்கூட முன்கூட்டி வாங்கி அடுக்காமல் ஜவுளி வியாபாரம் செய்வதென்பது, தவணைப் புடவை மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக அலைந்த தலைமுறைக்குக் கனவிலும் கிட்டாத சௌகரியம்.

ஆனால் அதே படத்தை அதே நாளில் இன்னும் பலர் போட்டிருப்பார்கள். அப்போது ஒருவரிடம் வாங்கி மற்றொருவரிடம் வாங்காமல் விடுவதற்குக் காரணம் என்னவாக இருக்க முடியும்? அப்புடவையைத் தாமே உடுத்தி, வாசல் வெளிச்சத்தில் நின்று, படத்தில் தெரிவதைவிட நிறம் சற்று அழுத்தமாகவே இருக்கும், முந்தானை கொஞ்சம் மொடமொடப்பு என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒருவர்மீது பிறக்கும் நம்பிக்கையே காரணம். உணவுப் பண்டத்தில் இது இன்னும் பிரத்தியட்சம். சாம்பார்ப் பொடியின் குணம் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட எழுத்தில் தெரிவதில்லை. மிளகாயைக் காம்பு கிள்ளி மொட்டை மாடியில் காயப்போட்டதையும், மல்லியைத் தீயாமல் வறுத்ததையும், மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துவந்து ஆறவிட்டதையும் கண்ணால் கண்டவருக்கே அது தெரியும். ஆகவே செய்பவரைக் காட்டு என்ற உபதேசம் வஞ்சனையன்று. வீட்டுப் பண்டத்தின் இயல்பை அறிந்த யோசனையே அது.

தோஷம் எங்கே தொடங்குகிறதென்றால், காட்ட வேண்டியது கையின் வேலை என்ற எல்லை நிற்காமல் நழுவும் இடத்தில். முதலில் கை, பிறகு முகம், பிறகு மடியில் குழந்தை, பிறகு மாமியாரோடு நடந்த பிணக்கு வேடிக்கையாக நடித்துக் காட்டப்படுதல், பிறகு பிரசவக் கதை, குழந்தையின் காய்ச்சல், கண்ணீர் என்று காணொளிகள் வீட்டின் உட்பக்கமாகவே நகர்ந்துகொண்டு போகின்றன. இதற்கு அந்தத் தாயாரின் சபலத்தைக் காரணமாகச் சொல்வது அநியாயம். பதிவுகளைக் காலவரிசையில் காட்டும் வழக்கத்தை விட்டுவிடப்போவதாக இன்ஸ்டாகிராம் 2016-இல் அறிவித்தது முதல், யாருடைய பதிவு யார் கண்ணில் படுவதென்பதை ஒரு கணக்குப்பொறியே தீர்மானிக்கிறது. அப்பொறி எண்ணுவது எத்தனை பேர் எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள் என்பதைத்தானேயன்றி, எத்தனை கிலோ பொடி விற்றது என்பதையன்று. மிளகாய் வறுப்பதைவிடக் குழந்தை அழுவதற்கு ஆயிரம் பேர் அதிகமாக நின்றால், மறுநாள் எதைக் காட்டச் சொல்லி அந்த எண்ணிக்கை நிர்ப்பந்திக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நிறுவனம் விற்பது பார்ப்பவர்களின் நேரத்தை. தாயார் விற்பது பொடியை. இவ்விருவருடைய ஆதாயமும் சில வேளைகளில் ஒன்றுபடும், பல வேளைகளில் ஒன்றுபடாது. குழந்தையைக் கொஞ்ச வந்த கூட்டம் இதயக்குறி இட்டுவிட்டுப் போய்விடும். பொடி வாங்குகிறவர்கள் முன்பு வாங்கிய அதே சிலராகவே இருப்பார்கள்.

அடுத்தது காலம். நாளுக்கு ஒரு ரீல், இடையில் மூன்று ஸ்டோரி, வாரம் ஒரு லைவ் என்று வகுப்பில் எழுதிக் கொடுக்கப்படும் அட்டவணையைத் தயாரித்தவர்கள், குழந்தை தூங்கிய பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில்தான் படம் பிடித்தலும், வெட்டி ஒட்டுதலும், பாட்டு சேர்த்தலும், விலை கேட்டவர்களுக்குப் பதில் சொல்லுதலும், பார்சல் கட்டுதலும் நடந்தாக வேண்டும் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், கை பொட்டலம் கட்டுவதை விடக்கூடாத சமயத்தில்தான், பதிவு தவறக்கூடாது என்ற பயமும் உச்சத்துக்கு ஏறுகிறது. மிளகாய், மல்லி, மில் கூலி, கவர், கூரியர் எல்லாவற்றையும் கூட்டி விலை போடுகிறவர் இந்த ராத்திரிக் கூலியை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. எழுதினால், லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி சொந்த உழைப்பைச் சும்மா கொடுத்ததாகவே முடியும் என்று சந்தேகிக்கிறேன்.

வீட்டுப் பெண்களின் கைவேலை நாடறிந்த பண்டமாவதற்கு வீட்டைத் திறந்து காட்டுவது ஒன்றே வழி என்பவர்களுக்கு லிஜ்ஜத் அப்பளத்தின் சரித்திரம் நல்ல பதில். 1959-இல் பம்பாயின் கிர்காமில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய்க் கடனோடு தொடங்கிய அந்நிறுவனத்தில், அப்பளம் இன்றளவும் உறுப்பினர்களின் வீடுகளிலேயே இடப்படுகிறது. ஆனால் விளம்பரத்துக்காக உறுப்பினர்களின் அடுக்களையைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. தொலைக்காட்சியில் அதற்காகப் பேசியது ஒரு முயல் பொம்மை! கூட்டாகச் சேர்ந்து ஒரு பெயரையும் ஒரே தரத்தையும் நிலைநாட்டியதனால், ஒவ்வொரு தாயும் தம் முகத்தை ஈடு வைக்கவேண்டிய அவசியம் அங்கே நேரவில்லை. தனித்து நிற்கும் இன்றைய தாய்க்கு அந்தப் பலம் இல்லை என்பது மெய்யே. எனினும் அக்குறையைத் தீர்க்கக் குழந்தையை முன்னே நிறுத்துவது வேறு விஷயம்.

ஏனெனில் குழந்தை இவ்வியாபாரத்தில் பங்காளியன்று. பிள்ளைகளைக் காட்டிச் சம்பாதிக்கும் காணொளிகளின் வருமானத்தில் ஒரு பகுதியை அப்பிள்ளைகளின் பெயரிலேயே ஒதுக்கிவைக்க வேண்டுமென்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் இயற்றிய சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. நம் நாட்டிலோ, பலர் அறியாத பழைய சட்டம் ஒன்று இவ்விஷயத்தில் குறுக்கே நிற்கிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குத் துணையென்று விற்கப்படும் உணவுக்கு விளம்பரம் செய்வதையும், அதன் பொட்டலத்தில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ அச்சிடுவதையும், 1992-ஆம் ஆண்டின் குழந்தை உணவுச் சட்டமும் 2003-இல் வந்த அதன் திருத்தமும் தடுக்கின்றன. பெரிய கம்பெனிகளின் டப்பாப் பாலை எதிர்த்து எழுந்த சட்டம்தான் அது. ஆயினும், தம் எட்டு மாதக் குழந்தைக்குச் சத்துமாவுக் கஞ்சி ஊட்டும் காட்சியைப் போட்டு, இதைக் கொடுத்துத்தான் எடை கூடியது, உங்கள் குழந்தைக்கும் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லும் தாயார், அக்கம்பெனிகளுக்கு மறுக்கப்பட்ட அதே யுக்தியை அறியாமல் கையாளுகிறார். பார்க்கும் இன்னொரு தாய்க்கு அதனால் உண்டாகும் கவலையும் ஆசையும், சொல்பவர் நல்லவர் என்பதனால் குறைந்துவிடுவதில்லை.

வெகு ஜனங்களை நாடும் இந்தப் பிரயாசைக்கு மாறாக, வாட்ஸாப்பின் குறுகிய வட்டத்தை நான் மேலாக மதிப்பேன். அதன் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது; நம் எண்ணைத் தம்மிடம் பதிந்து வைத்திருப்பவருக்கே செய்தி போய்ச் சேரும். குறையாகத் தோன்றும் இந்த வரம்பு உண்மையில் ஓர் அனுகூலம். அதற்குள் இருப்பவர் வேடிக்கை பார்க்க வந்தவரல்லர், வாங்கியவர் அல்லது வாங்க நினைப்பவர். அவர்களுக்கு வாரம் இருமுறை சொன்னால் போதும், நாள்தோறும் நடிக்க வேண்டியதில்லை. அப்பட்டியலையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம். 2021 அக்டோபர் 4 அன்று இன்ஸ்டாகிராமும் வாட்ஸாப்பும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோனபோது, அவற்றை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்குத் தம் வாடிக்கையாளரை அழைக்கக் கைவசம் ஓர் எண்கூட இல்லாமல் போயிருக்கும்.

இன்னொரு விசித்திரமும் இங்கே சொல்லத்தக்கது. நான் உங்கள் வீட்டுப் பெண் மாதிரி என்று காணொளியில் உருகுகிறவர்களே, விலை கேட்டால் இன்பாக்ஸுக்கு வாருங்கள் என்கிறார்கள். பார்சலில் குறை இருந்தால், பிரிக்கும்போதே வெட்டாமல் எடுத்த அன்பாக்சிங் வீடியோ கட்டாயம், இல்லையேல் பணம் திரும்பாது என்கிறார்கள். ஏமாற்றும் வாடிக்கையாளர்களிடம் பட்ட பாடே இந்த நிபந்தனைக்குக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறவு பாராட்டுவது விற்கும்வரையிலும், சாட்சி கேட்பது விற்ற பின்னும் என்றால், வாங்கியவர் எந்தப் பேச்சை நம்புவார்?

நம்பிக்கைக்கு வேறு ஆதாரமே இல்லாமலும் போகவில்லை. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட உணவு வியாபாரம் செய்பவர்களுக்கென்று 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் எளிய பதிவு ஒன்றை ஏற்படுத்தி, அதற்குக் கட்டணமாக ஆண்டொன்றுக்கு 100 ரூபாயே வைத்தன. பதிவு செய்தவருக்கு 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணும், அரைத்த தேதியும், விலையும் முகப்பில் தெரிய, மிளகாய் வறுக்கும் கை மட்டுமே தோன்றும் காணொளி வாரம் ஒன்று போடுகிற தாயாரை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். எண் எங்கே என்று கேட்டு எழுதும் வாடிக்கையாளரையோ அதைவிட அபூர்வமாக.