பத்துக்கு மூன்று பொருத்தம்

ஒரு காலத்தில் பாட்டுக் கொடுப்பது செலவு பிடித்த காரியம். துண்டுச் சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனால், 'ரெண்டு பாட்டு ஸ்டாக் இல்ல சார், வேற போட்டிருக்கேன்' என்பார். அந்த 60 நிமிஷ கேஸட்டை இரவல் கொடுத்தால் திரும்பி வராது. அதனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் ஜாக்கிரதையாக இருந்தோம்.

இப்போது கொடுக்காமலே போய்ச் சேர்கிறது. ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஜோன்ஸ். 2002-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, கம்ப்யூட்டரில் நாம் கேட்கும் ஒவ்வொரு பாட்டையும் குறித்துக்கொண்டு, அதே ரசனையுள்ள மற்றவர்களைக் காட்டும் 'ஆடியோஸ்க்ராப்ளர்' என்ற புரோகிராமை எழுதினார். அது லாஸ்ட்.எஃப்எம்முடன் சேர்ந்தது. 2007-ல் ஸிபிஎஸ் அதை 28 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் ஆப்பிள் கொண்டுவந்த 'பிங்' இரண்டே வருஷத்தில் மூடப்பட்டது. என் கட்சி இதுதான்: பிங்கில் 'எனக்கு இது பிடிக்கும்' என்று நாமே சொல்லவேண்டும். சொல்லச் சொன்னால் எல்லோரும் செம்மங்குடி ரசிகர்கள்தான். ஆடியோஸ்க்ராப்ளர் கேட்கவே இல்லை; சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்பாட்டிஃபை இரண்டையும் செய்தது. 2011-ல் ஃபேஸ்புக்குடன் இணைந்து, நீங்கள் கேட்பதை நண்பர்களுக்கெல்லாம் அறிவித்தது. 'ஐயோ, மானம் போகுதே' என்று ஜனங்கள் அலறியதும் சில நாளிலேயே தனியாகக் கேட்க ஒரு வழி வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கேட்பதைக் காட்டிக்கொண்டே, பேசுவதற்கு இருந்த மெஸேஜ் வசதியை 2017-ல் எடுத்துவிட்டார்கள். 2025-ல்தான் சில நாடுகளில் திரும்ப வந்தது. எட்டு வருஷம் ஒருவரையொருவர் எட்டிப் பார்க்கலாம், பேசத்தான் முடியாது. ஃப்ளாட் வாழ்க்கை மாதிரி.

'ப்ளெண்ட்' என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் ரசனையைக் கலந்து ஒரு பட்டியல் போட்டு, ஒற்றுமை இத்தனை சதவிகிதம் என்று மார்க் போடும். எனக்கும் என் நண்பருக்கும் 34. பத்துக்கு மூன்று பொருத்தம், ஜோசியர் ஒத்துக்கொள்ள மாட்டார். நாற்பது வருஷ சிநேகம். எந்தப் பாட்டு என்று அதற்குத் தெரியும், எதற்காக என்று தெரியாது.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஓரத்தில், நண்பர்கள் இப்போது கேட்கும் பாட்டு என்ற பட்டியலில் அவர் பெயர். ஒரு சுசீலா பாட்டு. அரைமணி கழித்தும் அதே பாட்டு. அவர் மனைவி இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. போன் பண்ணலாமா என்று யோசித்தேன். பண்ணவில்லை.

காலையில் வாக்கிங்கில், 'நல்ல தூக்கம்ப்பா' என்றார். சும்மா இருந்திருக்கலாம். 'சுசீலா என்னமா பாடியிருக்காங்க, இல்ல?' என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் காபி சாப்பிடப் போகலாம் என்றார்.

சாயங்காலம் திறந்து பார்த்தபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை.