ஏழு வயசுக்கு ஒரு மேக்கப் செட்

தங்கச்சி மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். "மாமா, மேக்கப் செட் வாங்கிட்டு வாங்க. கண்ணாடி வச்சது"ன்னு போனில் ஆர்டர் வந்துவிட்டது. பின்னாலேயே தங்கச்சி குரல்: "அண்ணே, அதெல்லாம் வேணாம். கதைப் புஸ்தகம் எதாச்சும் வாங்கிட்டு வா." அதற்கும் பின்னால் அம்மா: "பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்குது, தாய்மாமன் வாங்காம வேற யாரு வாங்குவா?"

மூன்று பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அப்புறம்தான் சிக்கல் ஆரம்பித்தது. ஒரு லேப்டாப் வாங்கணும்னா எதைப் பார்க்கணும்னு எனக்குத் தெரியும். இதில் எதைப் பார்ப்பது? வழக்கம்போல ஒன்றுக்கு மூன்றாக வாங்கிப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒன்று இணையத்தில். ஒன்று மதுரையில் ஒரு பெரிய பொம்மைக் கடையில். மூன்றாவது எங்கள் வீரசோழன் சந்தையில், ஆடு வாங்க வந்தவர்கள் கூட்டத்தைத் தாண்டி ஒரு ஓரத்தில் வளையல், ரிப்பன், சீப்பு பரப்பி வைத்திருந்தவரிடம். 899, 450, 120 ரூபாய்.

இந்த மூன்றையும் ஒரு புத்தகத்தை வாசிப்பதுபோல வாசித்துப் பார்த்ததன் குறிப்புதான் இது.

முதலில் அட்டை. மூன்று பெட்டியிலும் அட்டைப்படத்தில் இருக்கும் சிறுமி வெளுத்த நிறம். இரண்டு பெட்டியில் வெளிநாட்டுப் பிள்ளை, ஒன்றில் கார்ட்டூன் இளவரசி. பெட்டியின் வடிவம் ஒன்று கைப்பை, ஒன்று செல்போன், ஒன்று இதயம். மூன்றுமே ரோஸ். உள்ளே ஐ ஷேடோ குழிகள், லிப் கலர், நெயில் பாலிஷ், பஞ்சு வைத்த குச்சி, ஒரு காம்பேக்ட் பவுடர். கண்ணாடி மட்டும் மூன்றிலும் கட்டைவிரல் அகலத்துக்குத்தான். ஒரு கண்ணைப் பார்த்தால் இன்னொரு கண் தெரியாது. பிள்ளை கேட்டதே கண்ணாடிக்காக!

பின்பக்கத்தைத் திருப்பினால் சட்டம் வருகிறது. 14 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மை என்றால், சில விலக்குகள் தவிர, இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கணும். 2020ல் வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறை. தோலில் பூசும் பொருள் என்றால் அது அழகுசாதனப் பொருள். அதற்கு 2020ஆம் ஆண்டின் காஸ்மெடிக்ஸ் விதிகள் தனியாக உண்டு. தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்தணும், உள்ளே என்னென்ன இருக்கு, எல்லாம் அச்சிட்டிருக்கணும். நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேலும், ஆர்சனிக் 2 பங்குக்கு மேலும் போகக்கூடாது.

விளையாட்டு மேக்கப் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பொம்மைக் கடையில் வாங்கினால் பொம்மை, உதட்டில் பூசினால் அழகுசாதனம். என் மூன்று பெட்டியில் ஒன்றில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது. அதற்குக் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டேன். உரிமம் சரி. ஆனால் அதே பெட்டியில் உள்ளடக்கப் பட்டியல் கிடையாது. இன்னொன்றில் பட்டியல் இருந்தது, முத்திரை இல்லை. சந்தைப் பெட்டியில் "ஃபார் ஃபன்" என்பதைத் தவிர வேறு எழுத்தே இல்லை. வித்தவரைக் கேட்டேன். "சார், அது பொம்மைக்குப் பூசுறது, பிள்ளைக்கு இல்ல"ன்னார். பக்கத்தில் நின்ற பாட்டி உடனே, "பொம்மைக்குன்னா பொம்மையும் சேத்துக் கொடு!" என்றார். எனக்குத் தோன்றாத கேள்வி.

இதை வெறும் காகித விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், சிறுமிகள் கூட்டமாகப் போகும் க்ளேர்ஸ் கடைகளில் விற்ற ஐ ஷேடோ, காம்பேக்ட் பவுடர் மாதிரிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததை உறுதி செய்தது. அதே வருஷம் ஜூனில் ஜோஜோ சிவா பெயரில் வந்த சிறுவர் மேக்கப் செட்டையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காரணம் எளிது. பவுடரின் அடிப்படைப் பொருள் டால்க். டால்க் பாறையும் ஆஸ்பெஸ்டாஸ் பாறையும் பூமிக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். வெட்டி எடுக்கும்போது கவனிக்காவிட்டால் கலந்துவிடும். விலை அதிகம் என்பதோ பெரிய பெயர் என்பதோ இதில் காப்பாற்றாது.

இந்த இடத்தில் சில வாசகர்கள், "இதுக்குத்தான் நம்ம பாட்டி காலத்து மை" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து, திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் எரித்துப் பிடிக்கும் கரி ஒரு வகை. கடையில் கிடைக்கும் சில சுருமாவோ கலீனா என்ற ஈயக் கனிமத்தை அரைத்தது. இரண்டும் கறுப்பு, இரண்டும் பாரம்பரியம். பின்னது பிள்ளையின் ரத்தத்தில் ஈயத்தை ஏற்றும். மருதாணி இலையின் சிவப்பு லாசோன் என்ற சாயத்தால் வருவது. "பிளாக் மெஹந்தி" கோன்களில் கலக்கும் பிபிடி, தலைமுடிச் சாயத்தில் இருப்பது, சில பேருக்குக் கையைக் கொப்புளமாக்கிவிடும். ஸ்டிக்கர் பொட்டில்கூட சில பசைகள் நெற்றியில் வெள்ளைத் தழும்பு விட்டதைத் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே பழசு, புதுசு என்று பிரிப்பது உதவாது. என்ன பொருள் என்று கேட்பதுதான் உதவும்.

ஆனால் என்னை உண்மையில் நிறுத்தியது ரசாயனம் இல்லை, பவுடர்.

மூன்று பெட்டியிலும் காம்பேக்ட் ஒரே நிறம்தான், வெளிர் ரோஸ். தங்கச்சி மகள் நல்ல கறுப்பு. நானும் கறுப்புதான். எங்கள் பக்கத்து வெயிலில் நின்றவர்களுக்கு அது செய்தியே இல்லை. அந்தப் பவுடரை என் புறங்கையில் தேய்த்துப் பார்த்தேன். விபூதி பூசினதுபோல இருந்தது. ஒரு ஏழு வயசுப் பிள்ளை அதை முகத்தில் பூசிக் கண்ணாடி பார்த்தால் என்ன நினைக்கும்? பவுடர் தப்பு என்று நினைக்காது. முகம் தப்பு என்றுதான் நினைக்கும்.

இது ஒரு பெட்டியோடு தொடங்கினதில்லை. ஃபேர் அண்ட் லவ்லி 1975ல் வந்தது. 1998ல் நம் தமிழ்நாட்டு கவின்கேரின் ஃபேர்எவர் வந்தது. 2020ல் ஃபேர் அண்ட் லவ்லி பெயரிலிருந்து "ஃபேர்" போய் "க்ளோ" வந்தது. பெயர்தான் போனது. சென்னையில் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009லேயே "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் க்ரயோலா கம்பெனி "ஃப்ளெஷ்" என்ற பெயரில் விற்ற கிரேயானை 1962லேயே "பீச்" என்று மாற்றிவிட்டது. நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் அதே பீச் கிரேயானைக் காட்டி என்ன கலர் என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்கின் கலர்" என்பார்கள். கேட்கிற பிள்ளையின் கையும் அந்த கிரேயானும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கும்.

தங்கச்சி ஏன் வேணாம் என்றாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளி ஆண்டு விழாவில் அவளை நடுவரிசையில் நிறுத்தி, முகத்தில் அரை இஞ்சுக்கு மாவு அப்பினார்கள், 1990களில். இப்போதுவரை அந்தப் போட்டோவை ஆல்பத்தில் திருப்பித்தான் வைத்திருக்கிறாள்.

அப்படியானால் புத்தகமே வாங்கிவிடலாமா? அதுவும் சரிப்படவில்லை. அலங்காரம் விளையாட்டில்லை, பெண்ணை அடக்க வந்த சூழ்ச்சி என்று ஒரே போடாகப் போடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் மாவட்டத்திலேயே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. 2022ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையலும் கண்ணாடி மணியும் கிடைத்தன, சுடுமண் வட்டச்சில்லுகளும் கிடைத்தன. அலங்காரமும் பாண்டி விளையாட்டும் ஒரே மண்ணில். அதே சமயம், பெண்பாற் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவத்தை எண்ணிப் பாருங்கள். கடைசி மூன்றும் விளையாட்டு: அம்மானை, நீராடல், ஊசல். பாட்டுக்குள்ளே நகையும் மையும் நிறைய வரும். ஆனால் "கண்ணாடி பார்க்கும் பருவம்" என்று ஒரு தலைப்பு இல்லை. வீசிப் பிடிப்பது, தண்ணீரில் குதிப்பது, ஆடுவது, இப்படி உடம்பை வைத்துச் செய்வதற்குத்தான் பருவம் வகுத்தார்கள். இது என் சொந்தக் கணக்கு. புலவர்கள் சண்டைக்கு வரலாம்.

தாய்மாமன் சீர் என்பதையும் யோசித்தேன். பிள்ளை பெரியமனுஷி ஆனால் தட்டு வரிசையில் வளையல், சீப்பு, சோப்பு, பவுடரோடு இப்போது லிப்ஸ்டிக்கும் நெயில் பாலிஷும் சேர்ந்துவிட்டன. அந்தத் தட்டின் குட்டி மாதிரியைத்தான் ஏழு வயசில் ரோஸ் பெட்டியாகக் கொடுக்கிறோமோ என்று தோன்றியது. அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே நானே ஒரு பெட்டி செய்தேன். பழைய பிஸ்கட் டின். உள்ளங்கையைவிடப் பெரிய, சட்டம் போட்ட கண்ணாடி. அரைத்த மருதாணி. தண்ணீரில் கரைந்து உரித்தெடுக்கும் நெயில் பாலிஷ், உள்ளடக்கம் அச்சிட்டது. அம்மா ஜவ்வரிசியைக் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, சிரட்டையில் சாந்து ஊற்றிக் கொடுத்தார். கண்ணாடி வளையல் ஒரு டஜன். இரண்டு நல்ல பிரஷ். பவுடர் இல்லை. ஒரு ஆராய்ச்சியாளன் செய்த பெட்டி என்று எனக்குப் பெருமை.

பிள்ளை திறந்தாள். கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் அடுக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, மினுமினு எங்க?"

மினுமினு. நான் மூன்று பெட்டியையும் வாரக்கணக்கில் வாசித்தேன், ஐ ஷேடோவில் இருந்த அந்த மினுக்கும் தூளை ஒரு வரியில்கூட எழுதிக்கொள்ளவில்லை. அவள் கேட்டது அழகாவதற்கு இல்லை. ஜொலிப்பதற்கு! என் விமர்சனத்தில் இது பெரிய ஓட்டை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பெட்டியை ஒரு பெரிய மனுஷன் வாசித்தால் நிறம் தெரிகிறது, அந்தஸ்து தெரிகிறது. பிள்ளைக்கு முதலில் தெரிவது மினுக்கு.

பட்டியல் அச்சிட்டிருந்த அந்த இணையப் பெட்டி என் பையில்தான் இருந்தது. முத்திரை இல்லாதது என்று தங்கச்சியிடம் சொன்னேன். முகத்துக்கும் உதட்டுக்கும் போகக்கூடாது, கையோடு சரி என்று சொல்லி, ஐ ஷேடோ தட்டை மட்டும் பெயர்த்துக் கொடுத்தோம். பிள்ளை அதற்குள் காம்பேக்டைத் திறந்துவிட்டாள். புறங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

"இது என்ன மாமா, சாம்பல் மாதிரி இருக்கு?"

"அது உனக்குச் செஞ்சது இல்லடா. செஞ்சவனுக்கு உன் கலர் தெரியல."

"அப்ப வேஸ்டு"ன்னு சொல்லி ஓரமாக வைத்துவிட்டாள். தங்கச்சி அதை எடுத்து, மூடி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். அப்புறம் முற்றத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

சாயங்காலம் எனக்கு ஆபீஸ் கால் இருந்தது. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன், ஏனென்றால் என் இரண்டு முழங்கையிலும் பச்சை மினுக்கில் பட்டாம்பூச்சி வரைந்து முடிக்கும் வரை நகரக்கூடாது என்று உத்தரவு. அடுத்து அம்மாச்சி முறை. அம்மா சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு கையை நீட்டி, "எனக்கு மயில் போடு"ன்னார்.