நினைவிலிருந்து வரைந்த வீட்டை எப்படிப் பார்ப்பது?

பிறந்த வீட்டையும் ஊரையும் நினைவிலிருந்து வரையும் ஓவியத்தில் அளவுகள் ஒத்துப்போகாது. சின்ன முற்றம் பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும்; பெரிய கூடம் ஓரமாக ஒடுங்கிக் கிடக்கும். மனம் எங்கே அதிகம் தங்கியது என்பதற்கு அந்தக் கோணலே சாட்சி. எனவே இத்தகைய படத்தில் முதலில் பார்க்க வேண்டியது, எது அளவுமீறிப் பெரிதாகியிருக்கிறது, எது வராமலே போயிருக்கிறது என்பதைத்தான். அசல் வீட்டோடு ஒப்பிட்டுச் சரி, தப்பு பார்த்தால் ஓவியம் கைக்கு எட்டாமல் போய்விடும்.

வீதெப்ஸ்க் ஊர்க்காரரான மார்க் ஷகால், பாரிசுக்குக் குடிபோன பிறகு 1911இல் தீட்டிய படம் ‘நானும் கிராமமும்’. பச்சை முகமுள்ள ஒரு மனிதனும் ஒரு கால்நடையின் பெரிய தலையும் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தலைக்குள்ளேயே ஒரு பெண் உட்கார்ந்து பால் கறக்கிறாள். மேலே உள்ள வீடுகளில் சில தலைகீழாக நிற்கின்றன. கனவுக் காட்சி என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்களே அதிகம். கொஞ்சம் நின்று பார்த்தால், ஊர் மொத்தமும் அந்த இரண்டு முகங்களையே சுற்றி இருப்பது தெரியும். மாட்டுத் தொழுவத்தோடு வளர்ந்த யாருக்கும் இந்தப் படம் சட்டெனப் புரிந்துவிடும்.

வீடோ மரமோ இல்லாமலும் ஊர் நினைவு ஓவியத்தில் வரும். மத்தியப் பிரதேசத்தில் 1922இல் பிறந்து, 1950இல் பிரான்சுக்குப் போன எஸ்.எச். ரஸா 1981இல் வரைந்த ‘மா’ படத்தில் பெரிய கருவட்டம் ஒன்று உண்டு. பள்ளி ஆசிரியர் ஒருவர், சுவரில் புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்ன சிறுவயது நினைவிலிருந்து, பிந்து எனப்படும் இந்த வட்டம் வந்ததாக ரஸா சொல்லியிருக்கிறார்.

தமிழ் வாசகருக்கு இந்த வகையில் மிக நெருக்கமான படைப்பு, யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ (2011) என்ற புத்தகம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. இலங்கை உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்த வடபகுதித் தமிழ் பேசும் மக்கள் 80 பேரின் வீடுகள் இந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. 1990இல் வடபகுதியிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், 1995இல் யாழ்ப்பாண நகரமே காலியானதும் இதன் பின்னணி. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள்: வீட்டை இழந்தவர் தம் கையால் போட்ட தரைப்படம், கட்டடக் கலைஞர் ஒழுங்குபடுத்திய வரைபடம், அதற்குப் பிறகு சனாதனனின் வண்ணக்கோல் ஓவியம்.

இதை வேகமாகப் புரட்டக்கூடாது. ஒரு வீட்டின் மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எது உதிர்கிறது, எது சேர்கிறது என்று கவனிக்க வேண்டும். கட்டடக் கலைஞரின் கோடு அளவுகளை நேராக்குகிறது. ஓவியம் அந்த இழப்பின் பாரத்தைத் திரும்ப ஏற்றி வைக்கிறது. வீட்டை இழந்தவரின் கோணல் கோடுதான் மூன்றிலும் வலிமையானது. ஓவியப் பயிற்சி இல்லாத கை, மறந்துவிடக் கூடாதே என்ற ஒரே எண்ணத்தில் போட்ட கோடு அது.

இந்தப் பார்வை பழக, சொந்த வீடே போதும். இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களில் பிறந்து திருப்பூரிலோ சென்னையிலோ குடியிருப்பவர், பழைய வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். திண்ணை, தொழுவம், தானியக் குலுக்கை, அடுப்படி எல்லாம் எங்கெங்கே இருந்தன? சுவரில் கோவில்பட்டி சி. கொண்டையராஜு வரைந்த சாமி படக் காலண்டர் எந்தப் பக்கம் தொங்கியது? அண்ணனும் தம்பியும் தனித்தனியே வரைந்தால் இரண்டு வேறு வீடுகள் வரும். அந்த வித்தியாசம் பிடிபட்டவருக்கு ஷகாலின் தலைகீழ் வீடு விசித்திரமாகத் தோன்றாது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடமும் ஒரு தாளைக் கொடுத்து, அவர்கள் பிறந்த வீட்டை வரையச் சொல்லி வாங்கி வையுங்கள்.